கையெழுத்து யாருதுங்க? டெர்பி அன்னிக்கு எங்களை பஸ்ல அடைச்சு அனுப்புறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போலீஸ் மேட்ச் கமாண்டர் அவர்களுக்கும், ரெண்டு கிளப்போட சேஃப்டி ஆபீசர்களுக்கும், ஸ்டேடியத்துக்கு சேஃப்டி சர்டிஃபிகேட் குடுக்கற கவுன்சில் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஒரே லெட்டர்ல மூணு தரப்பையும் கூப்பிடறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு வேற வழி தெரியல. போன டெர்பிக்கு, அதாவது பக்கத்து ஊர் பகையாளி ஃபுட்பால் டீம் ரெண்டு மோதற மேட்ச்சுக்கு, அவே டிக்கெட் (எதிரணி ஸ்டேடியத்துல போய் பார்க்கற டிக்கெட்) வேணும்னா கிளப் ஏற்பாடு பண்ற கோச் பஸ்ல தான் வரணும், சொந்த கார், ட்ரெயின், நடை எதுவும் கிடையாதுன்னு மெயில் வந்துச்சு. ஏன்னு கிளப்புக்கு கேட்டேன், போலீஸ் அட்வைஸ்னாங்க. போலீஸுக்கு எழுதினேன், நாங்க அட்வைஸ் தான் குடுப்போம், ரசிகர் எதுல பயணம் பண்ணனும்னு உத்தரவு போடற அதிகாரமே எங்களுக்கு கிடையாது, சேஃப்டி அட்வைசரி குரூப்ல பேசி எடுத்த முடிவுன்னு பதில் வந்துச்சு. சரின்னு அந்த குரூப்பை நடத்துற கவுன்சிலுக்கு எழுதினா, எங்க பேர்லயே அட்வைசரின்னு இருக்கே கவனிக்கலையா, நாங்க யோசனை சொல்றதோட சரி, டிக்கெட்டுக்கு கண்டிஷன் போடறது கிளப் தான்னுட்டாங்க. ஒரு ரவுண்டு அடிச்சு ஆரம்பிச்ச இடத்துலயே வந்து நிக்கறேன். மூணு பேரும் ரொம்ப மரியாதையா தான் பேசினீங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல.

இதை இங்கிலீஷ்லயும் அனுப்பியிருக்கேன். தமிழ்லயும் போடறதுக்கு காரணம், இங்க இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் நம்ம ஆளுங்க குடும்பத்தோட அவே மேட்ச்சுக்கு போக ஆரம்பிச்சிருக்காங்க, முதல் தடவை "பபுள் மேட்ச்"னு மெயில் வந்ததும் ஏதோ கொரோனா சமாச்சாரம்னு நினைச்சு எங்கிட்ட போன் பண்ணி கேட்டவங்களும் உண்டு. அவங்களுக்காக ஒரு வரி: பபுள்னா உங்க சொந்த ஸ்டேடியத்துல ஏறி, எதிரணி ஸ்டேடியம் வாசல்ல இறங்கி, மேட்ச் முடிஞ்சதும் அதே கோச்ல திரும்பி வரணும், நடுவுல எங்கயும் காலை கீழ வைக்கக்கூடாது. சில மேட்ச்சுக்கு டிக்கெட்டைக்கூட முன்னாடியே குடுக்க மாட்டாங்க, ஒரு வவுச்சரை குடுத்து, வழியில ஒரு மோட்டார்வே சர்வீஸ்ல (ஹைவே ஓரம் வண்டியை நிறுத்தி இளைப்பாற இடம்) வரிசையில நின்னு மாத்திக்கச் சொல்லுவாங்க. லீட்ஸுக்கு போற லண்டன் டீம் மில்வாலோட ரசிகர்கள் எம்1 ரோட்டுல வூலி எட்ஜ் சர்வீஸ்ல இறங்கி அப்படி மாத்தினது பிரசித்தம்.

இப்ப என் கதை. வேலைக்காக நான் குடியிருக்கறது எதிரணி ஊர்ல. எங்க வீட்டு மாடி ஜன்னல்ல நின்னு பார்த்தா அவங்க ஸ்டேடியத்து விளக்கு தெரியும். நடந்தா பதினெட்டு நிமிஷம், பையன் கூட வந்தா இருபத்திரண்டு, ஏன்னா அவன் வழியில ஒவ்வொரு நாயையும் விசாரிச்சுட்டு தான் வருவான். டெர்பி அன்னிக்கு கிக்-ஆஃப் மத்தியானம் பன்னிரண்டு மணி. நாங்க என்ன பண்ணோம்னா, காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, எங்க டீமோட ஊருக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டிட்டு போய், அங்க காரை விட்டுட்டு, கோச்ல ஏறி, போலீஸ் பைக் முன்னாடி பின்னாடி வர, கிளம்பின அதே ஊருக்கு திரும்பி வந்தோம். வரும்போது கோச் எங்க தெரு முனையை தாண்டி தான் போச்சு. பையன் ஜன்னல்ல கையை வச்சு "அப்பா நம்ம வீடு"ன்னான், முன் சீட்டுல இருந்த பெரியவர் ஒருத்தர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. மேட்ச் முடிஞ்சு நாற்பது நிமிஷம் உள்ளயே நிறுத்தி வச்சாங்க, அப்புறம் கோச், அப்புறம் ஒரு மணி நேரம் எங்க டீம் ஊரு, அப்புறம் காரை எடுத்துட்டு இன்னொரு மணி நேரம் வீடு. பதினெட்டு நிமிஷ நடைக்கு ஒரு முழு நாள். இதனால யாரோட பாதுகாப்பு எவ்வளவு கூடுச்சுன்னு ஒரு சின்ன கணக்கு கிடைச்சா நல்லா இருக்கும்.

டெர்பின்னா பூங்காவுல பிக்னிக் கிடையாது, எனக்கும் தெரியும். கார்டிஃப்-ஸ்வான்ஸீ எடுத்துக்குங்க. 1993 டிசம்பர்ல கார்டிஃப் ஸ்டேடியமான நினியன் பார்க்ல நடந்தது சாதாரண தகராறு இல்ல, சீட்டை பிடுங்கி வீசற அளவுக்கு போச்சு, அதுக்கப்புறம் சில வருஷம் அவே ஃபேன்ஸே வேண்டாம்னு வச்சாங்க, பிறகு விட்டப்போ கோச்ல தான் வரணும்னு விட்டாங்க. அந்த நேரத்துல அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்கு பஸ்ல போறது மேல்னு அன்னிக்கு ரசிகர்களே ஏத்துக்கிட்டிருப்பாங்க. அதே மாதிரி ரெண்டு பக்க ஆளுங்களை ஒரே கேலரியில கலந்து உட்கார வைக்கறதும் விபரீதம், 1980ல கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ்ல ஈஸ்ட் பெங்கால்-மோகன் பகான் மேட்ச்ல 16 பேர் செத்ததை நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. தனி கேலரி வேணும், தனி வாசல் வேணும், நடுவுல ஸ்டூவர்டுங்க (கூட்டத்தை பார்த்துக்கற ஸ்டேடியம் ஊழியர்கள்) நிக்கணும், சரி. அந்த ஸ்டூவர்டுங்க பாவம், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. கோச்ல போறதே நிம்மதின்னு நினைக்கற ஆளுங்களும் எங்க கூட்டத்துல இருக்காங்க, வயசானவங்க, சின்னப் பிள்ளைங்களோட வர்றவங்க, கார் இல்லாதவங்க. கோச் விடுங்க, நல்லா நிறைய விடுங்க, இலவசமா விட்டா இன்னும் சந்தோஷம். "கோச்ல வரலாம்"ங்கறது வசதி. "கோச்ல மட்டும் தான் வரணும்"ங்கும்போது தான் எனக்கு தொண்டையில மாட்டுது.

உங்க பிளான் முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது. பிரச்சனை வெளியூர்ல இருந்து வருது, ஆகவே வர்ற வழியை அடைச்சா பிரச்சனை வராது. இது எந்த அளவுக்கு உண்மை?

2013 ஏப்ரல், நியூகாசில்-சண்டர்லேண்ட். சண்டர்லேண்ட் 3-0ன்னு ஜெயிச்சுது. மேட்ச் முடிஞ்சு நியூகாசில் ஊருக்குள்ள ரகளை, ஒரு ஆளு போலீஸ் குதிரையை போய் குத்துவிட்டான், அந்த படம் உலகம் பூரா சுத்துச்சு. அவன் எந்த ஊர்? நியூகாசில் ரசிகன். உள்ளூர்க்காரன். சண்டர்லேண்ட்காரங்களை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வந்து இறக்கியிருந்தாலும் அந்த குதிரை அடி வாங்கியிருக்கும்.

நெதர்லாந்துக்கு வாங்க. ஆம்ஸ்டர்டாம் டீம் அஜாக்ஸ், ராட்டர்டாம் டீம் ஃபெயனூர்ட், இவங்க மேட்ச்சுக்கு 2009லேர்ந்து அவே ஃபேன்ஸ் கிடையாது, ரெண்டு ஊர் மேயரும் பேசி நிறுத்தினது. அப்போ அந்த மேட்ச் அமைதியா நடக்கணும் இல்லையா? 2023 ஏப்ரல்ல ராட்டர்டாம்ல கப் செமிஃபைனல், மைதானத்துல இருந்த அஜாக்ஸ் வீரர் டேவி க்ளாசன் தலையில லைட்டர் வந்து விழுந்து ரத்தம். அதே வருஷம் செப்டம்பர்ல ஆம்ஸ்டர்டாம்ல அஜாக்ஸ் 0-3 பின்தங்கினதும் சொந்த ரசிகர்களே மைதானத்துக்குள்ள தீப்பந்தம் மாதிரி ஃப்ளேர் எறிஞ்சு மேட்ச்சையே நிறுத்த வச்சாங்க, வெளியில போய் தங்களோட சொந்த ஸ்டேடியம் வாசலையே உடைக்கப் பார்த்தாங்க, மிச்ச ஆட்டத்தை மூணு நாள் கழிச்சு ஆளே இல்லாத கேலரிக்கு நடுவுல ஆடி முடிச்சாங்க. எதிரணி ரசிகர் ஒருத்தர் கூட இல்லாத ஸ்டேடியத்துல நடந்தது இது ரெண்டும்.

அந்த ரெண்டு கிளப்போட பகையில ஒரு ஆள் செத்தது 1997 மார்ச்ல, பெவர்வைக்னு ஒரு ஊர் பக்கத்துல ஹைவே ஓரமா. அன்னிக்கு அஜாக்ஸும் ஃபெயனூர்டும் ஒருத்தரோட ஒருத்தர் ஆடவே இல்லங்க! ஒருத்தருக்கு ஒரு ஊர்ல மேட்ச், இன்னொருத்தருக்கு வேற ஊர்ல மேட்ச், நடுவுல பேசி வச்சு போய் அடிச்சுக்கிட்டாங்க. சண்டை போடணும்னு முடிவு பண்ணினவனுக்கு டிக்கெட்டும் வேணாம் ஸ்டேடியமும் வேணாம், ஒரு போனும் ஒரு காலி நிலமும் போதும். அவன் உங்க கோச் லிஸ்ட்ல பேரே குடுக்க மாட்டான். பேர் குடுத்து, ஐடி காமிச்சு, வவுச்சர் வாங்கி, வரிசையில நிக்கறவன் யாரு? நான், என் பையன், அந்த சிரிச்ச பெரியவர். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்கற மாதிரி, சொன்னா கேக்கறவனுக்கு தான் எல்லா சட்டமும்.

இன்னும் மோசமான உதாரணம் ஏதென்ஸ். 2023 ஆகஸ்ட்ல ஏஇகே ஏதென்ஸும் டினாமோ சாக்ரெப்பும் மோதற மேட்ச்சுக்கு ரெண்டு லெக்லயும் (ஆளுக்கொரு ஊர்ல ஒரு ஆட்டம்) அவே ரசிகர்களுக்கு தடை. தடை இருக்கும்போதே நூத்துக்கு மேல குரோஷியா ஆளுங்க பல நாட்டு எல்லையை தாண்டி ரோடு வழியா வந்து, மேட்ச்சுக்கு முந்தின நாள் ராத்திரி ஸ்டேடியம் பக்கத்துல தாக்குதல் நடத்தி, ஒரு ஏஇகே ரசிகர் குத்துப்பட்டு இறந்தார். தடைன்னு பேப்பர்ல போட்டா வேலை முடிஞ்சுதுன்னு எல்லையில இருந்தவங்க நினைச்சுட்டாங்களோ என்னவோ. வர்றதா தகவல் தெரிஞ்ச அந்த நூறு பேரை நிறுத்தறது தான் வேலை, டிக்கெட் வாங்கி ஒழுங்கா வந்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பேரை வீட்டுல உட்கார வைக்கறது சுலபம். சுலபமானதை செஞ்சாங்க.

கோச்சே ஒரு பிரச்சனைன்னும் சொல்லணும். தனித்தனியா வந்தா நான் ஜாக்கெட்டை மூடிக்கிட்டு நடந்து போற ஒரு ஆள், யாருக்கும் தெரியாது. இருபது கோச் வரிசையா, முன்னாடி நீல விளக்கு மினுக்க வந்தா, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய இலக்கு. எந்த ரோடு, எத்தனை மணின்னு ஊருக்கே தெரியும், கல்லு வச்சிருக்கறவன் டீ குடிச்சுட்டு நிதானமா வந்து நிக்கலாம். 2023 அக்டோபர்ல மார்சேய்ல லியோன் டீம் பஸ்ஸை கல்லால அடிச்சு பயிற்சியாளர் ஃபாபியோ கிரோஸோ முகத்துல ரத்தத்தோட இறங்கினது ஞாபகம் இருக்கும், மேட்ச்சே நடக்கல. அன்னிக்கு லியோன் ரசிகர்கள் வந்த பஸ்ஸுங்க மேலயும் கல்லு விழுந்துச்சு. எங்க கோச்லயும் ஒரு ஜன்னல்ல "டொக்"னு ஒரு சத்தம், கல்லா முட்டையான்னு தெரியல, கண்ணாடி உடையல, ஆனா அந்த சத்தம் வரைக்கும் செல்போன்ல கேம் ஆடிட்டிருந்த பசங்க எல்லாம் எந்திரிச்சு ஜன்னலை தட்டி பாட ஆரம்பிச்சுட்டாங்க, என் பையன் உட்பட. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் ஐம்பது தனித்தனி ஆளுங்க, அதுல ரெண்டு பேருக்கு தூக்கம், ஒருத்தருக்கு வாந்தி வர்ற மாதிரி. ஒரு சத்தத்துல எல்லாரும் ஒரு கட்சி.

இதை நான் புதுசா கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லல. கிளிஃபோர்ட் ஸ்டாட்னு ஒரு பேராசிரியர் வருஷக்கணக்கா ரசிகர் கூட்டத்தோடயே சுத்தி ஆராய்ச்சி பண்ணவர், உங்க ட்ரெய்னிங்லயே அவர் பேர் வந்திருக்கும். அவர் சொல்றதோட சாரம், கூட்டத்தை மொத்தமா அபாயம்னு நடத்தினா, சும்மா வந்தவனும் சண்டைக்காரன் பக்கம் போய் நிக்கறான், ஏன்னா அவனுக்கு இப்ப பொது எதிரி போலீஸ். 2004ல யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளோட ஃபுட்பால் போட்டி, போர்ச்சுகல்ல நடந்தப்போ அவங்க நகர போலீஸ் இந்த ஆராய்ச்சிக்காரங்களோட உட்கார்ந்து பிளான் போட்டாங்க. கவச ட்ரெஸ் போட்ட படையை கண்ணுல படாத தூரத்துல வச்சுட்டு, சாதாரண யூனிஃபார்ம்ல ரெண்டு ரெண்டு பேரா ரசிகர்களுக்கு நடுவுல நடந்து, வழி சொல்லி, பேச்சு குடுத்து, யாராவது எல்லை மீறினா அந்த ஆளை மட்டும் தூக்கினாங்க. நாலு வருஷம் முன்னாடி பெல்ஜியத்துல நூத்துக்கணக்குல கைதாகி ஊருக்கு திருப்பி அனுப்பப்பட்ட அதே இங்கிலாந்து ரசிகர் கூட்டம், போர்ச்சுகல் மேட்ச் நடந்த ஊர்கள்ல பெருசா வம்பு பண்ணல. ரகளை நடந்தது அல்கார்வ் கடற்கரையில, மேட்ச்சே இல்லாத இடத்துல, அங்க இருந்தது வேற போலீஸ் படை, இந்த முறையில வேலை பார்க்காத படை. ஒரே நாடு ஒரே வாரம். இதுக்கு மேல ஒரு சோதனையை யாரும் பிளான் பண்ணி நடத்த முடியாது.

அர்ஜென்டினாவை சொல்லாம விட்டா சரியா இருக்காது, ஏன்னா "தடையை பெருசா போட்டா என்ன"ங்கற கேள்விக்கு அங்க தான் பதில் இருக்கு. 2013 ஜூன்ல லா பிளாட்டாவுல லானுஸ் ரசிகர் ஒருத்தர் செத்தார், அதுவும் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டு பட்டு. அதுக்கு தண்டனை யாருக்கு? நாடு பூரா முதல் டிவிஷன் அவே ரசிகர்களுக்கு. வருஷக்கணக்கா அப்படியே ஓடுச்சு. 2018ல தென் அமெரிக்க கிளப்புகளோட பெரிய கப் கோப்பா லிபர்டடோரஸ் ஃபைனல், ரிவர் பிளேட்-போகா ஜூனியர்ஸ், ரெண்டு லெக்லயும் அந்தந்த ஸ்டேடியத்து சொந்த டீம் ரசிகர்கள் மட்டும். ரெண்டாவது லெக் அன்னிக்கு போகா டீம் பஸ் ரிவர் ஸ்டேடியத்துக்கு வர்ற வழியில கல்லடி, வீரர்களுக்கு கண்ணுல காயம், மேட்ச் ரத்து. அப்புறம் அந்த ஃபைனலை கடல் தாண்டி மாட்ரிட்ல டிசம்பர் 9ஆம் தேதி நடத்தினாங்க, பெர்னபேயு ஸ்டேடியத்துல ஒரு பக்கம் ரிவர் ரசிகர்கள், இன்னொரு பக்கம் போகா ரசிகர்கள். ஆமா, ரெண்டு பேரும். ரிவர் 3-1 ஜெயிச்சுது, மேட்ச் ஒழுங்கா முடிஞ்சுது. போலீஸ் ஆயிரக்கணக்குல நின்னாங்க தான், அதை மறைக்கல. ஒரு பக்கமே இல்லாத ஊர்ல நடத்த முடியாத ஆட்டம் ரெண்டு பக்கமும் இருந்த ஊர்ல நடந்துச்சே, அதை யோசிச்சா எனக்கு இன்னும் சிரிப்பா வருது.

சட்டம் இல்லையான்னா இருக்கு, நிறையவே இருக்கு. ஃபுட்பால் பேனிங் ஆர்டர்னு ஒண்ணு, கோர்ட்டுல நிரூபிச்சா அந்த ஆளை வருஷக்கணக்குல ஸ்டேடியம் பக்கமே விடாம வைக்கலாம், வெளிநாட்டு மேட்ச் சமயத்துல பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கலாம். கோச்ல சரக்கு கொண்டு போனா குற்றம்னு 1985லயே சட்டம் வந்தாச்சு. (அதனால காலையில ஏழு மணிக்கே கோச் கிளம்பும்னா சில பேர் ஆறு மணிக்கே ஊத்திக்கிட்டு வர்றாங்க, அது வேற கதை.) ஒவ்வொரு கிளப் போலீஸ் டீம்லயும் தகராறு பண்றவங்களை முகம் பார்த்தே பேர் சொல்ற ஆபீசர்கள் இருக்காங்க, ஸ்பாட்டர்னு சொல்லுவாங்க, அவங்க வேலையை நான் நேர்ல பார்த்திருக்கேன், அருமையான வேலை. ஒருத்தனை பார்த்ததும் "தம்பி, அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கேட்டார் ஒரு ஆபீசர், அவன் அன்னிக்கு பூரா வாயே தொறக்கல. இவ்வளவு தெரிஞ்ச ஆளுங்க கையில இருக்கும்போது எலிக்கு பயந்து வீட்டை கொளுத்துவானேன்?

மொத்தமா ஆளுங்களை அள்ளிப்போட்டா என்ன ஆகும்னு 2008 நவம்பர்ல பார்த்தோம். மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச்சுக்கு வந்த ஸ்டோக் ரசிகர்கள் ஒரு பப்ல இருந்தாங்க, எந்த குற்றமும் பண்ணல, அத்தனை பேரையும் உள்ளயே நிறுத்தி, குடிச்சு தகராறு வரலாம்னு தோணினா ஆளை இடத்தை விட்டு போகச் சொல்ல 2006ல வந்த சட்டத்துல செக்ஷன் 27ஐ காமிச்சு, மேட்ச் பார்க்க விடாம கோச்ல ஏத்தி ஊருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. பிறகு போலீஸ் நஷ்டஈடு குடுக்க வேண்டியதாச்சு. அங்கயாவது ஒரு பேப்பர் இருந்துச்சு, அதுல ஒரு செக்ஷன் நம்பர் இருந்துச்சு, ஒரு ஆபீசர் பேர் இருந்துச்சு, அதனால தான் கேள்வி கேக்க முடிஞ்சுது. எங்க பபுளுக்கு அதுகூட இல்ல. டிக்கெட் கண்டிஷன்னு ஒரு வரி, அவ்வளவு தான். நான் எந்த கோர்ட்டுக்கு போவேன், யார் மேல போவேன்?

இதுக்குள்ள ஒரு பண விஷயமும் இருக்கு, யாரும் வெளிய பேசறதில்ல. லீட்ஸ் கிளப் வெஸ்ட் யார்க்‌ஷயர் போலீஸ் மேல கேஸ் போட்டு 2012ல ஜெயிச்சுது, அடுத்த வருஷம் அப்பீல்லயும் ஜெயிச்சுது. ஸ்டேடியத்துக்கு வெளிய பொது ரோட்டுல நிக்கற போலீஸுக்கு கிளப் காசு குடுக்க வேண்டியதில்லன்னு ஆச்சு. ஆக ரோட்டுல ரசிகர் நடந்தா செலவு போலீஸ் பட்ஜெட்டுல, கோச்ல அடைச்சா அந்த செலவு குறையும். போலீஸுக்கு ஆள் பத்தல, காசு பத்தலன்னா அது நிஜமான காரணம் தான், நான் கிண்டல் பண்ண மாட்டேன். 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தாவுல போலீஸ் பந்தோபஸ்து குடுக்க முடியாதுன்னு டுராண்ட் கப் டெர்பியையே ரத்து பண்ணாங்க, அங்க மோகன் பகான் கொடியும் ஈஸ்ட் பெங்கால் கொடியும் ஒண்ணா சேர்ந்து ரோட்டுல நின்னுச்சு, நூறு வருஷப் பகையை ஒரு உத்தரவு சேர்த்து வச்சுது. காசு தான் காரணம்னா காசுன்னு எழுதுங்க. "உங்க பாதுகாப்புக்காக"ன்னு எழுதாதீங்க. இந்த நாட்டுல ரசிகரை முதல்ல அபாயமா பார்த்து, அப்புறமா மனுஷனா பார்த்ததோட விலை என்னன்னு 1989ல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்து நெரிசல் சொல்லியாச்சு, 97 பேர் செத்தாங்க, தப்பு ரசிகர் மேல இல்லன்னு அதிகாரபூர்வமா ஒரு ஜூரி சொல்ல 2016 ஆச்சு.

முடிவை மாத்த முடியாதுன்னும் சொல்லாதீங்க, மாத்தியிருக்கீங்க. 2014 பிப்ரவரியில நியூகாசிலுக்கு வர்ற சண்டர்லேண்ட் ரசிகர்களுக்கு கோச் கண்டிஷன் போட்டப்போ ரெண்டு ஊர் ரசிகர்களும், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவங்க, சேர்ந்து எதிர்த்தாங்க. போலீஸ் எங்களுக்கு அப்படி கட்டாயப்படுத்தற அதிகாரம் இல்லன்னு சொல்ல, கண்டிஷன் கழண்டுச்சு. குதிரை அடி வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல அப்போ, ஞாபகம் வச்சுக்குங்க. அவங்கவங்க பாட்டுக்கு வந்தாங்க, பார்த்தாங்க, சண்டர்லேண்ட் திரும்பவும் 3-0 ஜெயிச்சுது, போனாங்க. ஆனா பத்து வருஷம் கழிச்சு 2024 ஜனவரியில எஃப்ஏ கப்ல அதே ரெண்டு டீம் மோதினப்போ 6,000 நியூகாசில் ரசிகர்கள் மறுபடியும் பஸ்ல. ரெண்டு ஸ்டேடியத்துக்கும் நடுவுல மெட்ரோ ரயில் ஓடுது, பத்து பன்னிரண்டு மைல் தூரம். 2014ல இல்லாத அதிகாரம் 2024ல எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசை. நடுவுல சட்டம் ஏதும் மாறின மாதிரி தெரியல, கேக்கற ஆளுங்களுக்கு அலுத்துப் போச்சு போல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த டெர்பிக்கு கோச் கட்டாயம்னு முடிவு பண்ணா, அந்த முடிவு ஒரு பேப்பர்ல இருக்கட்டும். என்ன தகவல் வச்சு முடிவு பண்ணீங்க, ரகசியமானதை விட்டுட்டு மிச்சத்தை சொல்லுங்க. போன தடவை கோச்ல போனதால என்ன நடக்கலைன்னும் சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னும் சொல்லுங்க, ஏன்னா என் ஜன்னல்ல விழுந்த அந்த "டொக்" எந்த ரிப்போர்ட்லயும் இருக்காதுன்னு பந்தயம் கட்டறேன். அந்த ஊர்லயே குடியிருக்கறவங்க, வேற திசையில இருந்து வர்றவங்க, டிரெயின்ல வந்தா பாதி நேரத்துல வந்துடறவங்க, இவங்களுக்கு விலக்கு குடுங்க, அட்ரஸ் ப்ரூஃப் காமிக்கறேன், கவுன்சில் டாக்ஸ் பில் இருக்கு, அதே கவுன்சில் அனுப்பின பில் தான். அப்புறம் முடிவுக்கு ஒரு காலாவதி தேதி போடுங்க, ஒரு சீசன். அடுத்த சீசன் மறுபடி தேவைன்னா மறுபடி உட்கார்ந்து காரணம் எழுதுங்க. பழைய பேப்பரை தேதி மாத்தி ஓட்டாதீங்க. அந்த மீட்டிங்ல ரசிகர் தரப்புல ஒருத்தரை உட்கார வைங்க, கிளப்புல ரசிகர்களோட பேசறதுக்குன்னே சப்போர்ட்டர் லியேசான் ஆபீசர்னு ஒரு நாற்காலி ஏற்கெனவே இருக்கு, ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு யூஇஎஃப்ஏவே பல வருஷமா கிளப் லைசென்ஸுக்கு கேக்கற பதவி அது. ஜெர்மனியில ஃபேன் புராஜெக்ட்னு சமூகப் பணியாளர்கள் அவே ரசிகர்களோடவே ட்ரெயின்ல பயணம் பண்றாங்க, பசங்க பேர் தெரியும், குடும்பம் தெரியும். நமக்கு அவ்வளவு வேண்டாம், மீட்டிங்ல ஒரு நாற்காலி போதும், டீ பிஸ்கட் நாங்களே கொண்டு வரோம்.

எதிரணி ரசிகர் ஒருத்தர் எங்க பக்கத்து வீடு. டெர்பி வாரத்துல ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம், வேணும்னே, அது எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு, குப்பை தொட்டியை மட்டும் யார் வெளிய வைக்கறதுன்னு சைகையில பேசிக்குவோம். போன டெர்பி அன்னிக்கு காலையில அஞ்சரைக்கு நான் காரை ஸ்டார்ட் பண்ணப்போ அவர் பாத்ரோப்ல வந்து வாசல்ல நின்னு, விதியை மீறி, "என் கூட நடந்து வாங்களேன், ஸ்டேடியம் முக்குல பிரிஞ்சுக்கலாம்"னார். வர முடியாது, டிக்கெட் கேன்சல் ஆயிடும்னேன். அவருக்கு புரியல. நான் விளக்கப் பார்த்து எனக்கும் புரியல.

அடுத்த சீசன் ஃபிக்ஸ்சர் லிஸ்ட் (மேட்ச் அட்டவணை) ஜூன்ல வந்துடும். அதுக்கு முன்னாடி உங்க பதில் வந்தா உபகாரமா இருக்கும். மூணு பேரும் தனித்தனியா எழுத வேண்டாம், ஒண்ணே போதும், யார் எழுதினாலும் சரி. கீழ பேரும் பதவியும் போட்டு கையெழுத்து மட்டும் மறக்காம போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஸ்டேடியத்துலேர்ந்து பதினெட்டு நிமிஷ நடையில குடியிருக்கும் ஒரு அவே ஃபேன்